பழைய டிவிடிகளைப் படிக்க நூலகங்களில் ஒரு டிரைவ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூரில் நெடுங்காலமாக ஸ்டுடியோ நடத்திவரும் நான், மதுரை வட்டாரத்து வீடுகளில் பீரோவுக்குள்ளும் ஷோகேஸிலும் கிடக்கும் சிடி, டிவிடிகளைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுக் காலம், எங்கள் பகுதியில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஊர்த் திருவிழா ஆகியவற்றின் பதிவுகள் பெரும்பாலும் விசிடியாகவோ டிவிடியாகவோதான் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் போட்டுப் பார்த்த பிளேயர்கள் பழுதாகிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. பிள்ளைகள் வைத்திருக்கும் லேப்டாப்பிலோ தகடு போடுவதற்கு இடமே இல்லை. மெல்லிய லேப்டாப் வேண்டும் என்று எல்லோரும் கேட்கத் தொடங்கியபோது, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன் கொண்ட டிவிடி டிரைவைத்தான் நிறுவனங்கள் முதலில் எடுத்தன. தகடு இருக்கிறது, படிக்கக் கருவி இல்லை என்ற நிலையில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருப்பவர்களே அதிகம். அந்தப் பிறகு என்பது வருவதற்குள் தகடுகள் கெட்டுவிடும் என்பதைத் தொழில் அறிந்தவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

சினிமா டிவிடி ஒன்று கெட்டால் அந்தப் படம் வேறு எங்காவது கிடைத்துவிடும். வெள்ளலூர் ஏழைகாத்த அம்மன் திருவிழாவில் உடலில் வைக்கோல் பிரி சுற்றி நேர்த்திக்கடன் செலுத்திய தாத்தாவின் முகம் அந்த ஒரு தகட்டில் மட்டுமே இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகங்கள் எங்கள் ஊர்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். அவற்றில் ராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் பபூனாகவும் மேடையேறி, இன்று நம்மோடு இல்லாத பல கலைஞர்களின் குரல், விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டு அலமாரியில் உறையிட்ட தகடாக இருக்கிறது. படம் பிடித்த ஸ்டுடியோவில் மூலப் பதிவு இருக்குமே என்று கேட்பார்கள். எங்கள் தொழிலில் டேப்பை அழித்து மறுபடி பதிவதும், ஹார்டு டிஸ்க் நிறைந்தால் பழையதை நீக்குவதும் வழக்கம் என்பதால், பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பதிவு எந்த ஸ்டுடியோவிலும் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

தகடு ஏன் கெடுகிறது என்று பலருக்கும் புரிவதில்லை. கடையில் விற்கும் சினிமா டிவிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய பள்ளங்களாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். ஸ்டுடியோவில் நாங்கள் எழுதித் தந்த தகட்டில் அப்படியில்லை. அதற்குள் ஒரு சாயப்பூச்சு இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றிவிடும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரை வெயிலில், ஜன்னலோரத்து ஷோகேஸில் அழகுக்காக அடுக்கி வைத்த கல்யாணத் தகடு எவ்வளவு காலம் தாங்கும்? சிடியில் இன்னொரு பலவீனமும் உண்டு. டிவிடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் 0.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கும். சிடியிலோ அது பெயர் எழுதும் பக்கத்தில் ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. மணமக்கள் படம் அச்சடித்த ஸ்டிக்கர் உப்பிவிட்டதே என்று அதை உரித்தால், படலமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் படிப்பதற்கு எதுவும் இல்லை.

இதற்கான வழி எளியது. யுஎஸ்பி மூலம் லேப்டாப்பில் இணைக்கும் சிறு டிவிடி டிரைவ், கடைகளில் எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டர் என்று கேட்டால் கிடைக்கும். விலை 2,000 ரூபாய் அளவில்தான். தனியாக மின்சாரம் தேவையில்லை, லேப்டாப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் வாங்கியவர்களில் பலர், தகடு சுற்றத் தொடங்கி நின்றுவிடுகிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது, டிரைவ் திரையில் தோன்றி மறைகிறது என்று எங்களிடம் கொண்டுவருகிறார்கள். டிரைவில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும். தகட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்த முதல் நொடிகளில் டிரைவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். உள்ளே நீல நிறமுள்ள யுஎஸ்பி 3.0 போர்ட்டில் 900 மில்லி ஆம்பியர் கிடைக்கும். ஆகவே ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் ஹப்பிலோ நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளிலோ மாட்டாமல், லேப்டாப்பில் நேரடியாக இணைத்தாலே பெரும்பாலான தொல்லை தீரும். சில டிரைவ்களுடன் இரண்டு முனை உள்ள கேபிள் வருவதும் இந்த மின்சாரத்துக்காகத்தான். இரண்டாவது முனை தேவையில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தகட்டை வைக்கும் முறையும் பழைய பிளேயரில் இருந்து மாறுபட்டது. பிளேயரில் தட்டு வெளியே வந்ததும் தகட்டை மேலே வைத்தால் போதும். இந்தச் சிறு டிரைவில் தட்டின் நடுவில் உள்ள குமிழில் தகட்டின் துளை பொருந்தி, க்ளிக் என்று மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் தட்டை அடியில் தாங்கிக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் துளைக்கு அருகே மட்டும் அழுத்த வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் தட்டு வளையும். எடுக்கும்போது கட்டைவிரலால் குமிழை அழுத்திக்கொண்டு மற்ற விரல்களால் ஓரத்தைத் தூக்க வேண்டும். சரியாக மாட்டாத தகடு உள்ளே போய் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும்போது வட்டமாகக் கீறிவிடும். தகடு சுற்றும்போது டிரைவை மெத்தையிலோ மடியிலோ வைப்பதும், இடம் மாற்றுவதும் அதே கேட்டைத்தான் விளைவிக்கும்.

வட்டக் கீறல் ஏன் அவ்வளவு கெடுதல் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் துடைக்கும் முறையும் அதில்தான் அடங்கியிருக்கிறது. தகட்டில் தகவல் நடுவிலிருந்து வெளியே சுருளாகச் செல்கிறது. குறுக்கே விழும் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு துண்டை மட்டுமே தொடும். சிடியில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரையிலான இழப்பைப் பிழை திருத்தும் ஏற்பாடு தானே சரிக்கட்டிவிடும். சுற்றுப்பாதையிலேயே ஓடும் கீறல் நீண்ட தொடர்ச்சியை ஒரேயடியாக மறைத்துவிடுவதால் அதைச் சரிக்கட்ட வழியில்லை. எனவே மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தோசைக்கல்லைத் துடைப்பது போல வட்டமாகத் தேய்க்கவே கூடாது.

அடுத்து வரும் தடை மென்பொருளில். விண்டோஸ் 8 முதல் டிவிடி வீடியோவை ஓட்டும் வசதி விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை. டிவிடியைப் போட்டதும் படம் வராததால் டிரைவே கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவினால் படம் ஓடும். ஆனால் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பிரதி எடுப்பதே முக்கியம். டிவிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் படம் 1 ஜிபிக்கு மிகாத பல துண்டுகளாக இருப்பதால், முதல் துண்டை மட்டும் எடுத்தவர்களுக்கு மாப்பிள்ளை அழைப்பு கிடைத்து முகூர்த்தம் போய்விடும். கோப்புறை முழுவதையும் எடுக்க வேண்டும். விசிடியாக இருந்தால் எம்பெக் ஏவி என்ற கோப்புறையில் உள்ள பெரிய கோப்பைத் தேட வேண்டும். நல்ல நிலையில் உள்ள 4.7 ஜிபி டிவிடி ஒன்று கால் மணி நேரத்தில் பிரதியாகிவிடும். தகடு முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுப்பவர்கள், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதை நினைவில் வைத்து, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிரதி எடுத்த பிறகும் பென் டிரைவை மட்டும் நம்பாமல், ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் இன்னொரு பிரதியை வைப்பது நல்லது.

ஒரு டிரைவ் படிக்க மறுத்த தகட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் காண்பது. ஆகவே ஒரே முயற்சியில் மனம் தளர்ந்து தகட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஹேண்டிகேமில் பதிந்த 8 சென்டிமீட்டர் சிறு டிவிடிகளில் தனிக் கவனம் வேண்டும். பதிவு முடிந்ததும் அதே கேமராவில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காமல், விட்ட தகட்டைக் கம்ப்யூட்டர் காலியான தகடாகக் காட்டி, ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கக்கூடும். அதற்கு ஒருபோதும் சம்மதம் கொடுக்கக் கூடாது. பழைய கேமரா வீட்டில் இருந்தால் அதிலேயே ஃபைனலைஸ் செய்துவிட்டுப் பிறகு டிரைவில் போடலாம். இந்தச் சிறு தகட்டைத் தட்டு இல்லாமல் உள்ளிழுக்கும் வகை டிரைவில் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

குடும்ப விழாக்களைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று சுற்றியுள்ள மாவட்ட மக்கள் பெரிய சிகிச்சைக்கு மதுரைக்குத்தான் வருகிறார்கள். சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எடுத்தால் பல இடங்களில் ஃபிலிமோடு ஒரு தகடும் உறையில் போட்டுத் தருகிறார்கள். சில ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய ஸ்கேனைக் கேட்பார். தகட்டை நீட்டினால் அவர் மேசையில் உள்ள லேப்டாப்பில் டிரைவ் இருக்காது. என் உறவினர் ஒருவருக்கு இப்படி நேர்ந்து, அந்த நோயாளி உறையும் கையுமாகத் தகட்டைப் படிக்க ஓர் இடம் தேடி அலைய நேர்ந்தது. அந்தத் தகட்டில் உள்ள படங்கள் டைகாம் என்ற மருத்துவ வடிவில் இருக்கும். பெரும்பாலும் எண்களே பெயராக உள்ள அந்தக் கோப்புகளை வேண்டாதவை என்று நீக்கிவிடாமல், தகட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே ஒரு கோப்புறையில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். படத்துக்குள்ளேயே நோயாளியின் பெயரும் வயதும் இருப்பதால், முன்பின் தெரியாத பிரவுசிங் சென்டரில் பிரதி எடுத்துவிட்டு அங்கேயே அதை விட்டுவருவது சரியல்ல. ஸ்கேன் மையங்களும் தகட்டோடு நிறுத்தாமல், நோயாளி கேட்டால் பென் டிரைவில் தருவதை வழக்கமாக்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இது ஒரு பெரிய சுமை ஆகாது.

எல்லா வீட்டிலும் லேப்டாப் இருக்கும் என்றோ, சில முறை மட்டுமே பயன்படப்போகும் ஒரு கருவிக்காக எல்லோரும் 2,000 ரூபாய் செலவிடுவார்கள் என்றோ எதிர்பார்க்க முடியாது. ஆகவே என் வேண்டுகோள் நூலகத் துறையிடம்தான். மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களின் நூலகங்களிலும் எக்ஸ்டர்னல் டிவிடி டிரைவ் இரண்டை வாங்கி வைத்து, வாரத்தில் ஒரு நாளாவது, மக்கள் தங்கள் சொந்தத் தகட்டையும் பென் டிரைவையும் கொண்டுவந்து தாங்களே பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். இரண்டு டிரைவ் என்று கேட்பது, ஒன்று படிக்காததை மற்றொன்றில் போட்டுப் பார்ப்பதற்காக. சொந்தப் பதிவுகளுக்கு மட்டும் என்று விதி வைத்துவிட்டால் சினிமா தகடுகளைப் பற்றிய காப்புரிமைச் சிக்கலும் எழாது. நூலகங்களுக்கும் இதில் பயன் உண்டு: பழைய கணினிப் புத்தகங்கள், ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள் பலவற்றின் பின்னட்டையில் ஒட்டி வந்த சிடிகள் இன்று யாராலும் திறக்கப்படாமல் அலமாரியிலேயே இருக்கின்றன.

ஸ்டுடியோ தொழிலில் உள்ள என்னைப் போன்றவர்கள், டிரைவைக் கையாளவும் தகட்டைத் துடைக்கவும் நூலகப் பணியாளர்களுக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும். மேலூர் கிளை நூலகத்தில் அதைக் கட்டணமின்றிச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாவட்ட நூலக ஆணைக் குழுவின் கவனத்துக்கு இதைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.