என் வலக்கையைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

நம் கால்நடை கிளினிக்கில் ட்ரிப்ஸ் போடுவதற்காகப் பிடித்திருந்த பூனை என் வலது ஆள்காட்டி விரல் மூட்டில் கடித்ததும், அதன்பின் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். இப்போது விரல் மடங்குகிறது, வேலைக்கும் திரும்பிவிட்டேன். உங்களுக்கெல்லாம் நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை.

முதல் நன்றி எங்கள் அட்டெண்டர் அண்ணனுக்கு. ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள்தான், ரத்தம்கூட அதிகம் வரவில்லை. யாரோ காபித்தூளோடு ஓடிவந்தார்கள். அண்ணன் அதைத் தடுத்து, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவவிட்டார். “போதும்ணே” என்றேன். “கால் மணி நேரம் ஆகட்டும்மா” என்று கடிகாரத்தைப் பார்த்தபடி என் மணிக்கட்டை விடவே இல்லை. ரேபிஸ் கிருமியைக் காயத்திலேயே குறைக்கும் முதல் சிகிச்சை அதுதான்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரியது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, கடிபடும் முன் போடும் ரேபிஸ் தடுப்பூசியை எனக்கு முழுசாகப் போடவைத்தவர் அவர். அந்தத் தடுப்பூசி அட்டையை ஃபைலில் பத்திரப்படுத்தியிருந்த ரிசப்ஷன் அக்காவுக்கும் நன்றி. அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போடும் நாளிலும் (0ஆம் நாள்), அதிலிருந்து 3ஆம் நாளிலும் போடும் ஊசிகள் மட்டும் போதும் என்றார்கள். இல்லாவிட்டால் சதையே இல்லாத அந்த விரல் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற ரேபிஸ் எதிர்ப்பு மருந்தும் செலுத்த வேண்டியிருந்திருக்கும்.

பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேலே துளை மூடிக்கொள்ள, உள்ளே பாஸ்ச்சுரெல்லா போன்ற பாக்டீரியா பெருகும். அன்று இரவே விரல் வீங்கிச் சிவந்தது. “பூனைக்கடிதானே” என்று திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டு, மூட்டைத் திறந்து கழுவிய டாக்டருக்கு என் கையெடுத்த கும்பிடு. சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, அது தாண்டுகிறதா என்று இரவெல்லாம் வந்து பார்த்த நர்ஸ் அக்காவை மறக்கவே மாட்டேன்.

பூனையை வளர்க்கும் அம்மா, அதற்குத் தடுப்பூசி போடவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். ரேபிஸ் அறிகுறி தெரிகிறதா என்று பத்து நாளும் அதைக் கவனித்துத் தகவல் தந்தார். வலியில் கடித்த ஜீவன்மேல் எனக்குக் கோபமில்லை.

“இந்தத் தொழிலில் கடி சகஜம்” என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ உதவியாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். விலங்கை இறுக்கிப் பிடிப்பது நாங்கள்தான். முன்தடுப்பூசி எங்களுக்கும் கிடைத்தாக வேண்டும். எங்கள் கிளினிக்கில் இப்போது எல்லோருக்கும் அட்டை உண்டு. கூண்டு கழுவும் அக்காவுக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. அதற்காக நிர்வாகத்துக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
கால்நடை கிளினிக் உதவியாளர், மதுரை