கைப்பிடி அரிசி ‘இதர வரவு’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் மிஷனரி ஊழியத்தைத் தாங்குவது பற்றி வந்த கட்டுரையில், கைப்பிடி அரிசி எடுப்பது பாட்டிமார் காலத்துப் பழக்கம், இனி மாதம் ஒருமுறை கைப்பேசியில் பணம் அனுப்பினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி மனதை மிகவும் வருத்தியது.

கைப்பிடி அரிசி என்றால் என்னவென்று தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வீட்டில் மிஞ்சியதைக் கொடுப்பது என்ற பொருளில் கட்டுரை போவதால் சொல்கிறேன். வீட்டுக்கு மூன்று டம்ளர் அரிசி என்றால் மூன்றையும் பாத்திரத்தில் அளந்து போட்ட பிறகு, களைவதற்கு முன், அதிலிருந்து ஊழியத்துக்கென்று ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனி டப்பாவில் சேர்க்க வேண்டும். சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிப்போய் விற்று, அந்தப் பணத்தை மிஷனரிகளுக்குக் கொடுப்பார்கள். அரிசிப் பானையிலிருந்து தனியாக அள்ளிப் போட்டால் அன்றைய சோறு குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால்தான் ஒரு பிடி குறையும்; வீட்டில் எல்லாரும் ஒரு வாய் குறைத்துச் சாப்பிடுவார்கள். காணிக்கை என்பது அந்த ஒரு வாய்தான். வேதத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதானே, ஐயா?

வண்டு விழுகிறது, நல்ல விலைக்குப் போவதில்லை என்று கட்டுரை குறை சொல்கிறது. உண்மைதான். ஆனால் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லையே. வாரம் ஒருமுறை வந்து வாங்க வேண்டிய அரிசியை மூன்று மாதம் கழித்து, பண்டிகைக்கு முந்தின நாள் வந்து கேட்டால் வண்டு விழத்தான் செய்யும். ஈரக் கையோடு எடுத்தால் கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும். அதனால் கையைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். மூடி இறுகிய டப்பாவில் இரண்டு வற்றல் மிளகாயோ ஒரு துண்டு வசம்போ போட்டு வைத்தால் ஒரு மாதம் தாங்கும். வாய் குறுகிய டப்பா ஆகாது. டப்பாவைப் பரணில் வைத்தால் பத்து நாளில் மறந்துபோகும். அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

விலை போகாததற்குக் காரணம் கலப்பு. பச்சரிசியும் புழுங்கலும் ஒரே சாக்கில் விழுந்தால், ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும். யார் வாங்குவார்கள்? வாங்கப் போகிறவர்கள் பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி என்று மூன்று பை கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை. ரேஷன் அரிசிக்கு நான்காவது பை. அதை விற்கச் சட்டம் இடம் கொடாது; ஏலத்தில் விடாமல் முதியோருக்குக் கஞ்சி காய்ச்சக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுவாரியாக எடை எழுதி ஆலயத்தில் வாசிப்பதும் வேண்டாம். வாசித்த அடுத்த வாரமே ஏழை வீட்டுக் கதவு சாத்திவிடும். தெருவுக்கு மொத்தம் எத்தனை கிலோ என்று எழுதினால் போதும்.

கணக்குப் பார்த்தால் ஒரு பெண்ணின் பிடி ஏறக்குறைய 40 கிராம். ஒரு வேளை மட்டும் உலை வைக்கிற வீட்டில் மாதம் 1,200 கிராம். 60 வீடுள்ள சிறு சபையில் 72 கிலோ. இது அற்பமா?

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் இதே வழக்கம் 1910-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. ‘புஹ்பாய் தாம்’ என்பார்கள். மலைநாட்டுப் பெண்கள் அந்த அரிசியை வாங்கி விற்றே மிஷனரிகளைத் தாங்குகிறார்கள். நம் பக்கம் மட்டும் அது பாட்டிமார் பழக்கமாகிவிட்டது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று முறை வருகிறது. வெயிலில் வீடு வீடாக அரிசி சுமந்த பெண்களின் பெயர் ஒருமுறையும் வருவதில்லை. விற்ற பணம் எந்தப் பணித்தளத்துக்குப் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதும் இல்லை. மிஷனரி அனுப்புகிற ஜெபக் கடிதம் அறிவிப்புப் பலகையில் மஞ்சளாகிறது. ஆராதனையில் வாசிக்க இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம் பணத்தில் நம்மவர் ஊழியம் என்பதே அதன் அடிப்படை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பிஷப்). அவர் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, “சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ” என்று சொல்லச் செய்தார். படித்தவர், படியாதவர் எல்லாருக்கும் அதே வாக்குத்தான். தோர்னக்கலுக்கோ குஜராத்தின் டாங்ஸ் மலைகளுக்கோ போக முடியாத ஒரு பெண் அந்த வாக்கை நாள்தோறும் எங்கே நிறைவேற்றுவாள்? அடுப்படியில்தான்.

கைப்பேசிக் காணிக்கையை நான் தடுக்கவில்லை. அதுவும் வரட்டும். ஆனால் மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற பணம் வீட்டில் யார் கண்ணிலும் படாது. பிடி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளை “இது யாருக்கு?” என்று கேட்கும். மிஷனரியின் பெயரைத் தாய் சொல்வாள். அந்தப் பெயர் இராத்திரி ஜெபத்தில் பிள்ளையின் வாயில் வரும். தனக்கென்று வங்கிக் கணக்கே இல்லாத தாய்மார் எத்தனை பேர் என்பதும் தாங்கள் அறிந்ததே.

நான் கேட்பது ஒன்றுதான். முன்பெல்லாம் இதழின் வரவுப் பக்கத்தில் ‘கைப்பிடி அரிசி’ என்று தனி வரி இருந்தது. இப்போது அதை ‘இதர வரவு’க்குள் சேர்த்துவிட்டீர்கள். அடுத்த இதழிலிருந்து அந்த வரியை, கிலோ கணக்கோடு, திரும்பப் போடுங்கள். சென்ற இதழில் அந்தப் பக்கத்தின் அடியில் நான்கு விரற்கடை இடம் வெறுமையாகவே கிடந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பெண்கள் ஐக்கிய சங்கம்,
திருநெல்வேலி மாவட்டம்.