உலாவும் முற்றத்துக்கு அடியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் திவோலி நகருக்கு அருகே ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய மாளிகை பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். அங்குள்ள கனோபஸ் என்ற குளத்தின் படங்கள் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் அங்கே தண்ணீர் சுமந்தவர்கள், அடுப்பு எரித்தவர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த இடத்தை ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். கி.பி. 118 வாக்கில் தொடங்கிய வேலை; பரப்பு சுமார் 120 ஹெக்டேர், நம் கணக்கில் 300 ஏக்கர். பெசிலே என்றொரு முற்றம் இருக்கிறது. நடுவில் குளம், சுற்றிலும் உலாவ நடைபாதை. வடக்குச் சுவர் இன்றும் 9 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மேற்கே நிலம் சரிவு. அங்கே முற்றத்தைச் சமமாக்க அடியில் வரிசை வரிசையாக, மாடி மாடியாக அறைகள் கட்டி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 'நூறு சிற்றறைகள்' என்பது இன்றைய பெயர். அடிமைகளும் வேலையாட்களும் அங்கேதான் தங்கியிருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல். போய்வர வெளியே மரத்தாழ்வாரம். மரமெல்லாம் போய்விட்டது, சுவர் மட்டும் மிச்சம். பேரரசர் காலாற நடந்த தரையை இவர்கள் படுத்திருந்த அறைகள்தான் தாங்கின.

சற்றுத் தள்ளி, விருந்தினரோ உயர்நிலைப் பணியாளரோ தங்கிய அறைகள். அறைக்கு, கட்டில் போட மூன்று மாடங்கள், தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த கோலம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் அந்த வித்தியாசம் தானாகப் புரியும். பூமிக்கடியில் வண்டிப்பாதையும் உண்டு. பொருள் ஏற்றிய வண்டிகள் மேலே இருப்பவர்கள் கண்ணில் படாமல் போய்வர வெட்டியது அது.

அப்புறம் ஒரு சிறு திருத்தம். மாளிகை காலத்தால் அழிந்தது என்று கட்டுரையில் இருந்தது; காலத்தால் மட்டும் அழியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் கர்தினால் இப்போலிதோ தெஸ்தே, திவோலியில் தாம் கட்டிய மாளிகைக்காக இங்கிருந்து பளிங்கையும் சிலைகளையும் எடுத்துப் போனார். பளிங்குப் பலகை பெயர்ந்த சுவர்களில் வலைக்கண் போலச் சாய்வாக அடுக்கிய சிறு கற்கள் தெரிகின்றன. விரல் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான்.

அடுத்த முறை இந்த மாளிகை பற்றி எழுதினால் அந்தச் சிற்றறைகளின் படம் ஒன்றையாவது அவசியம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்