ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கையின் நகல் அவர்களுக்கும் போகும். அவர்களைப் பற்றியும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

செயற்குழு இந்த ஆண்டு 6 முறை கூடியது. அதில் 2 முறை போதிய ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். நெடும்பயணம் இரண்டு, குடும்பச் சந்திப்பு ஒன்று, பந்தயத் தடத்தில் ஒருநாள் ஓட்டம். எல்லாம் நல்லபடியாக நடந்தன. புதிதாக 4 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரவேற்கிறோம்.

இனி டயர் பரிசோதனை நாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று தலைவர் கேட்டார். காரணம் இருக்கிறது. சங்கப் பணத்தில் கேம்பர் (சக்கரச் சாய்வு) கேஜ், டயர் பட்டன் ஆழம் பார்க்கும் கேஜ், நல்ல காற்று மீட்டர், நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆகியவற்றை வாங்கச் சொன்னவன் நான். "செயலாளர் தன் வண்டிக்கு வாங்கிக்கொண்டார்" என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆகவே அந்தக் கருவிகள் என்ன வேலை செய்தன என்று சொல்லிவிடுகிறேன்.

அழைப்பு எல்லோருக்கும் போனது. வந்தவை 14 வண்டிகள். அதில் 5 வண்டிகளுக்குப் பின்டயரின் உள்விளிம்பு மொட்டை. நின்று பார்த்தால் பட்டன் புதிதுபோல இருக்கிறது; படுத்து டார்ச் அடித்தால் ஒன்றில் கம்பியே தெரிகிறது. ஐந்துமே ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய வண்டிகள். தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். பழியைக் கேம்பர்மேல் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் கூடவே மாறிப்போகும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. சக்கரம் போகும் திசைக்கு நேராக உருளாமல், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பரைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகிறது. கேம்பர் அந்தத் தேய்மானத்தை உள்விளிம்பில் கொண்டுபோய்க் குவிக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங் மாற்றியபின் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) பார்த்தீர்களா என்று ஐவரையும் கேட்டேன். "ஸ்டீயரிங் நேராகத்தானே இருக்கிறது?" என்றார் ஒருவர். பின்சக்கரம் இரண்டும் ஒரே அளவு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால் ஸ்டீயரிங் நேராகத்தான் நிற்கும். அவர் வண்டிக்கு இருபுறமும் ஸ்டாண்டு வைத்து நூல் கட்டி அளந்தோம். ஒரே ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 3 மி.மீ. வித்தியாசம். நூலைப் பார்த்ததும் மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். டயரைப் போட்டுவிட்டுப் பிறகு அலைன்மென்ட் பார்க்கலாம் என்று நினைத்தவர், வரிசையை மாற்றிக்கொண்டார்.

இன்னொருவருக்குச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை புதிது, அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் புதிது, ஆனால் ரப்பர் அதற்குள் கிழிந்திருந்தது. சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக முறுக்கியிருக்கிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் முறுகும். வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி முறுக்கு. பொருள் தப்பில்லை, பொருத்தினவர் தப்பு.

மூன்றாமவர் 18 அங்குலத்திலிருந்து 19க்குப் போனவர். 245/40 (அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம்) என்ற அளவை அப்படியே வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் பெரிதாக்கிவிட்டார். டயரின் வெளிவிட்டம் 25 மி.மீ. கூடிவிட்டது. முழுசாகத் திருப்பினால் உள்ளே உரசுகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104இல் போகிறது. 245/35 போட்டிருந்தால் பழைய விட்டம் கிட்டத்தட்ட அப்படியே கிடைத்திருக்கும். புதுச் சக்கரம் அழகுதான், மறுக்கவில்லை.

பந்தயத் தடத்துக்கு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் காற்றழுத்தம் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ ஏறும். சூட்டில் காற்றை இறக்கி ஓட்டினோம், சரி. வீட்டுக்குக் கிளம்பும்முன் திரும்ப ஏற்றியவர்கள் எத்தனை பேர்? மறுநாள் காலை ஆறிய டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தவர்கள் பற்றிக் கேட்கவே இல்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அன்று வந்ததிலேயே கிழட்டு டயர் என்னுடையது. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பொருளாளர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: 3115. அதாவது 2015ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். பட்டன் 6 மி.மீ. இருந்தது. டயரை மாற்றச் சொல்லும் தேய்மானக் கட்டை 1.6 மி.மீ.இல்தான் என்று நானே பலருக்கும் பாடம் எடுத்தவன். ஆனால் பட்டன் பள்ளங்களுக்குள் மயிரிழை வெடிப்புகள். வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது, ரப்பருக்கு மட்டும் வயது நிற்பதில்லை. அந்த வாரமே நான்கையும் மாற்றிவிட்டேன். என் காசில். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வந்ததற்குள் செலவு செய்திருக்கிறோம், கையிருப்பு இருக்கிறது, அதை வைத்துப் பெரிதாக எதையும் திட்டமிட முடியாது. உறுப்பினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சந்தா பாக்கி. பெயர் வாசிக்கப் போவதில்லை. ஆனால் பரிசோதனைக்கு வராதவர் பட்டியலும் பாக்கிப் பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கையெழுத்துப் படிபோல இருக்கின்றன. இவர்களில் இருவர் இந்த ஆண்டு புது அலாய் வீல் படம் அனுப்பியிருந்தார்கள். நானும் வாழ்த்தினேன்.

இடம் கொடுத்த உறுப்பினருக்கும், காலையிலிருந்து மாலைவரை ஜாக்கி போட்ட இளைஞர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பரிசோதனையை இரண்டு முறை வைக்கலாம். ஷாக் அப்சார்பர் கசிவையும் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கு ஆள் வேண்டும், சந்தா வேண்டும், குனியக்கூடிய முதுகு ஒன்று வேண்டும். என் முதுகு மூன்று ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறது. வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுத்துவிடுவேன். இதுவரை மனு எதுவும் வரவில்லை என்று தலைவர் சொன்னார். சரி, இன்னும் 15 நாள் இருக்கிறது.

அப்புறம், டார்க் ரெஞ்சை இரவல் வாங்கிப்போனவர் தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும். பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, வெறும் பெட்டி.

செயலாளர்