தோட்டத்துப் பதிவேடுகளைக் காக்க ஒரு வரலாற்றுக் கழகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1948 ஜூன் 16இல் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வரலாற்று நூல்களில் உள்ளன. அதே ஆண்டில் அங்கே பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள்) என்ன கூலி வாங்கினார்கள், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் குடியிருந்தார்கள் என்பதை அறியவோ, செக்ரோல் எனும் வருகை, கூலிப் பதிவுப் புத்தகங்களையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும்தான் தேட வேண்டும்.

மூடப்பட்ட தோட்டம் ஒன்றின் ஆபீசில் அத்தகைய புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஊதா மையில் பெருவிரல் ரேகை. பாதிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. மறுமுறை போனபோது மீதியைக் குப்பையோடு எரித்திருந்தார்கள்.

அமெரிக்காவில் மாவட்டந்தோறும் இயங்கும் வரலாற்றுக் கழகங்கள், பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டே, கல்லறைக் குறிப்புகள், குடும்பப் படங்கள், நிலப்பத்திரங்கள், முதியோரின் ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைச் சேகரித்துப் பட்டியலிட்டு வைக்கின்றன. 1957இல் தொடங்கப்பட்ட நமது தேசிய ஆவணக் காப்பகம் ஒவ்வொரு லயமாக வந்து தேட முடியாது. ஆகவே, இவ்வட்டாரக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் கூடி இங்கும் அத்தகைய கழகம் ஒன்றைத் தொடங்க வேண்டும். (திருவிழாப் பந்தல் செலவில் சிறு பங்கே இதற்குப் போதும்.)

தோட்டத் தொழிலாளர் கப்பலேறுவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்யும் முன் வந்தவர்களின் பிள்ளைகளே இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் உள்ள படங்களின் பின்புறம் பெயரையும் தோட்டத்தையும் முதலில் எழுதி வாங்கலாம். பென்சிலில் எழுதுவது நல்லது, பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்