கிதாஜிமாவை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஒலிம்பிக் நீச்சல் வீரர்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஃபெல்ப்ஸுக்கு முழுப் பக்கம். சரி, அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) மன்னரான ஜப்பானின் கொசுகே கிதாஜிமாவுக்கு இரண்டே வரி. அதிலும், டால்பின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து மீன் வால் போல அடிப்பது), வழுக்கும் நீச்சலுடை இவற்றின் தயவில்தான் நான்கு தங்கம் வாங்கினார் என்கிற தொனி. கல்லூரி நாட்களில் நானும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த நீச்சலில் விதிகள்தான் பாதி விளையாட்டு. கிணற்றில் கற்ற தவளை நீச்சலை நம்பிப் போட்டிக்குப் போனால் தெரியும். ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்து, கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். நடுவர் வந்து தோளைத் தட்டி, "திரும்பும்போது வலது கைதான் முதலில் சுவரைத் தொட்டது தம்பி" என்றார். அவ்வளவுதான், பட்டியலிலேயே என் பெயர் இல்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். காலும் அப்படித்தான், தவளை உதைக்கிற மாதிரி உதைக்காமல் மீன் வாலாட்டுகிற மாதிரி அடித்தால் போச்சு.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சண்டை வந்ததும் அந்த வாலடியால்தான். 100 மீட்டரில் கிதாஜிமா 1:00.08, அமெரிக்காவின் பிரெண்டன் ஹான்சன் 1:00.25. கிதாஜிமா தண்ணீருக்குள் டால்பின் கிக் அடித்தார், அது ஏமாற்று என்று ஹான்சனின் அணித் தோழர் ஆரன் பியர்சால் பகிரங்கமாகச் சொன்னார். நடுவர் யாரும் நீக்கவில்லை. தண்ணீருக்கடியில் எடுத்த படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கமும் அன்று இல்லை. அடித்தாரா என்று கேட்டால், அடித்தார் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை மறைப்பானேன்?

ஆனால் அதே ஏதென்ஸில் 200 மீட்டரையும் பாருங்கள். கிதாஜிமா 2:09.44. இரண்டாவதாக வந்த ஹங்கேரியின் டேனியல் கியுர்த்தா (பையனுக்கு அப்போது வயது 15!) 1.36 விநாடி பின்னால். வாலடி அவ்வளவு தூரம் தள்ளாது. 2005இல் சர்வதேச நீச்சல் சம்மேளனமே விதியை மாற்றி, தொடக்கத்திலும் திருப்பத்திலும் ஒரு டால்பின் கிக் அடிக்கலாம் என்று எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டது. அப்புறம்தான் 2008 பெய்ஜிங். 100 மீட்டரை 58.91இல் முடித்து, 59 விநாடிக்குள் நீந்திய முதல் ஆள் ஆனார் கிதாஜிமா. ஹான்சன் நான்காவது. 200 மீட்டர் தங்கமும் இவருக்கே. அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் வென்றவர் வேறு யாரும் கிடையாது.

நீச்சலுடைக் கதையையும் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு ஜப்பான் அணிக்கு உள்நாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருந்தது. வெளிநாட்டு நிறுவனமான ஸ்பீடோவின் புது உடை போட்டவர்களோ சாதனை மேல் சாதனை செய்துகொண்டிருந்தார்கள். எதைப் போடுவது என்று நாடே விவாதித்தபோது, ஜூன் மாதப் போட்டிக்கு "நீந்துவது நான்தான்" என்று எழுதிய டி-ஷர்ட்டில் வந்தார் கிதாஜிமா. அதே போட்டியில் அந்த ஸ்பீடோ உடையிலேயே 2:07.51 நீந்தி 200 மீட்டர் உலக சாதனையும் செய்தார். சரி, உடை உதவியது என்றே வைத்துக்கொள்வோம். பெய்ஜிங்கில் அது இவர் ஒருவருக்கு மட்டுமா கிடைத்தது?

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது வேறு. டோக்கியோவில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர்களின் மகன். 17 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 2012 லண்டனில் 100 மீட்டரில் ஐந்தாவதுதான். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்த அதே ஹான்சன் ஓரத்து எட்டாவது லேனிலிருந்து வெண்கலம் எடுத்தார். 200 மீட்டரில் கிதாஜிமா நான்காவது. "கொசுகே அண்ணனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது" என்று சக வீரர்கள் பேசிக்கொண்டு மெட்லி ரிலேயில் (நால்வர் நான்கு வகை நீச்சலில் நீந்தும் தொடர் போட்டி) இறங்கி வெள்ளி வாங்கினார்கள். 2016இல் 33 வயதில் ரியோவுக்கும் முயன்று பார்த்து, தகுதி கிடைக்காமல்தான் விடைபெற்றார்.

இன்னொன்று. அந்த இரண்டு வரிக்கு மேலே நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இருப்பவர் நீந்துவது பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கே இல்லை, பட்டர்ஃபிளை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கரூர்