அண்ணாச்சியின் ஸ்கேன்

டர்பன்,
8 ஆகஸ்ட் 2021

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அண்ணாச்சியின் ஸ்கேன் அறிக்கையும் கிடைத்தன. பதில் தாமதமானதற்கு இங்குள்ள நிலைமைதான் காரணம். ஜூலையில் எங்கள் மாகாணத்தில் நடந்த கலவரத்தைச் செய்தியில் பார்த்திருப்பாய். கடைகளைச் சூறையாடினார்கள், சாலைகளை மறித்தார்கள். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்ற நாள் குறித்திருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள். இப்போது கடையில் ரொட்டி கிடைக்கிறது, கொரோனாவின் மூன்றாவது அலை மட்டும் இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆடிக் கஞ்சியை இந்த வருடமும் வீட்டோடு காய்ச்சி, அம்மனுக்குப் படைத்து முடித்துக்கொண்டோம். மற்றபடி நாங்கள் நலம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். "பி.சி.ஆர். இரண்டு தடவையும் நெகட்டிவ், ஸ்கேனில் கோராட்ஸ் 5 என்று எழுதியிருக்கிறார்கள், எதை நம்ப?" என்று கேட்டிருக்கிறாய். கோராட்ஸ் என்பது நெதர்லாந்தின் ரேடியாலஜி மருத்துவர்கள் 2020 மார்ச்சில் வகுத்த அளவுகோல். அதில் 5 என்றால் சந்தேகம் மிக பலமாக இருக்கிறது என்று பொருள். உறுதியான நோய்க்கு 6 என்று தனி எண் வைத்திருக்கிறார்கள். அந்த 6-ஐ ஸ்கேன் பார்க்கிறவர் தன் கண்ணை நம்பிப் போட முடியாது, பி.சி.ஆர். பாசிட்டிவ் என்று வந்திருந்தால்தான் போடலாம். அளவுகோலை வகுத்தவர்களே அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த 5-ஐத் தீர்ப்பாக வாசித்து, அண்ணாச்சியின் அடுத்த கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

இந்த சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் கணக்கு பிறந்தது இந்தத் தென்னாப்பிரிக்காவில்தான், தெரியுமா? ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளர் 1956-இல் கேப்டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்த்தார். புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கத் திட்டம் போடுவதை அங்கே பார்த்தார். உடம்பின் ஒவ்வொரு இடமும் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தெரியாமல் எப்படி அளவு குறிக்கிறார்கள் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. விடையை 1963-இலும் 1964-இலும் கட்டுரைகளாக வெளியிட்டார், அப்போது கண்டுகொண்டவர்கள் சொற்பம். 1979-இல், சி.டி. இயந்திரத்தைக் கட்டிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதை உனக்கு எழுதக் காரணம் உண்டு. இன்றைக்கும் சி.டி. ஸ்கேன் அளப்பது கார்மாக் தேடிய அந்த ஒன்றைத்தான்: எந்த இடம் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்பதை. காற்று இருக்க வேண்டிய நுரையீரல் அறைகளில் நீரோ, சீழோ, ரத்தமோ, வீக்கமோ புகுந்தால் அந்த இடம் தேய்த்த கண்ணாடி போல மங்கித் தெரியும். புகுந்தது எது, புகவிட்டது யார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கொரோனா நுரையீரலின் இரு பக்கமும், ஓரங்களில், முதுகுப்புறத்து அடிப்பகுதியில் மங்கலை உண்டாக்கும் வழக்கமுடையது. அந்த வழக்கத்தை வைத்துத்தான் ஸ்கேன் பார்க்கிற நாங்கள் ஊகிக்கிறோம்.

ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரர் ஐந்து நாள் காய்ச்சலோடு வந்தால், அலை உச்சத்தில் இருக்கும்போது, அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். புற்றுநோயாளிக்கு அப்படிப் பலிக்காது. அவருடைய நுரையீரலை மங்கவைக்க வரிசையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றோடு போராடவைக்கும் சில புதிய மருந்துகள் நுரையீரலையே தாக்கும். பழைய மருந்துகளில் பிளியோமைசினும் மெத்தோட்ரெக்சேட்டும் அதைச் செய்யும். கதிர்வீச்சு முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அழற்சி வரும். புற்றே நிணநீர்க் குழாய்கள் வழியே நுரையீரலுக்குள் பரவும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவுடன் நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுழையும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: வெள்ளணு அடிமட்டத்தில் இருப்பவருக்குக் கிருமி உள்ளே இருந்தும் ஸ்கேனில் அதிகம் தெரியாமல் போகலாம், ஏனென்றால் மங்கலில் பாதி நம் உடம்பே போடுகிற சண்டை.

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். இடது மார்பகத்தில் அறுவை முடிந்து, கதிர்வீச்சும் முடித்தவர். இருமல் வந்தவுடன் கொரோனா என்று முடிவுகட்டித் தனி அறையில் போட்டுவிட்டார்கள். ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் "இருமல், கோவிட்?" என்று இரண்டே சொல். படத்தைப் பார்த்தால் மங்கல் இடது பக்கம் மட்டும், அதுவும் முன்புறம், நெஞ்சுச் சுவரை ஒட்டி ஒரு பட்டையாக. பின்புறம் அதன் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. எந்தக் கிருமியும் நேர்கோட்டில் நடக்காது. கதிர்க்கற்றைதான் நேர்கோட்டில் போகும். பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கதிர்வீச்சுத் திட்டத்தோடு ஒப்பிட்டேன். விளிம்பு அப்படியே பொருந்தியது. சீட்டு எழுதுகிறவர்கள் "கதிர்வீச்சு முடிந்தது" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த அம்மா தனி அறையில் அழுதுகொண்டு கிடந்திருக்க வேண்டாம். எனக்கு இதில் கோபம் இன்னும் தணியவில்லை.

இங்கே எச்.ஐ.வி. அதிகம் என்பதால் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த நிமோசிஸ்டிஸ் மங்கலைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பெரும்பாலும் அது நடுப்பகுதியில் பரவி, ஓரத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கும். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி ஒருவருடைய கீமோவை நிறுத்தலாமா? வூஹானில் 1014 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020 பிப்ரவரியில் வந்தது. பி.சி.ஆர். பாசிட்டிவ் ஆனவர்களில் 97 சதவீதம் பேரைச் சி.டி. பிடித்தது என்று உலகமே கொண்டாடியது. பி.சி.ஆர். நெகட்டிவ் ஆன 413 பேரில் 308 பேரையும் அதே சி.டி. கொரோனா என்று காட்டியதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே தொற்று இருந்திருக்கும், சோதனை தவறவிட்டிருக்கும். எத்தனை பேர் என்பதுதான் சிக்கல்.

இப்போது அண்ணாச்சி. அவருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, ரிட்டுக்சிமாப் மருந்து சேர்ந்த கீமோ நடக்கிறது. அந்த மருந்து ஆன்டிபாடி செய்ய உதவும் பி அணுக்களைத் துடைத்தெடுத்துவிடும், எனவே ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ் என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. வைரஸ் மூக்கில் இல்லாமல் நுரையீரலில் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் அது எவ்வளவு நாள் தங்கும் என்பதற்கு, முற்றிய எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணிடம் 216 நாள் இருந்ததை எங்கள் மாகாணத்து ஆய்வாளர்கள் ஜூனில்தான் வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம், கீமோவோடு தருகிற பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நிமோசிஸ்டிசுக்குக் கதவைத் திறந்துவிடும். ரிட்டுக்சிமாபே சிலருக்கு நுரையீரல் அழற்சி தரும். மூன்றில் எது என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு. மருந்தால் வந்த அழற்சிக்கு ஸ்டீராய்டு உடனே வேண்டும். கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு ஸ்டீராய்டால் பலன் இல்லை. பூஞ்சைக்குக் கோட்ரைமாக்சசோல் இல்லாமல் முடியாது.

ஆகவே டாக்டரிடம் இதைக் கேள். அண்ணாச்சி செப்ட்ரான் மாத்திரையை (கோட்ரைமாக்சசோல்தான் அது) தடுப்புக்காகச் சாப்பிட்டு வந்தாரா? மூக்கில் எடுத்ததோடு நிற்காமல், பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவிய நீரில் கொரோனாவுக்கும் பூஞ்சைக்கும் டி.பி.க்கும் சேர்த்துச் சோதிக்க முடியுமா? கீமோ தொடங்கும் முன் எடுத்த ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. முன்பே இருந்த தழும்பைப் புது நோய் என்று எழுதுவது எங்கள் தொழிலில் நடப்பதுதான்.

"ஸ்கோர் 25-க்கு 9" என்று மதினி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அது நுரையீரலில் எவ்வளவு இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்கிற கணக்கு. காரணம் எதுவானாலும் அதே 9 வரும். இந்த மே மாதம் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா ஒரு சி.டி. 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று சொன்னதும், ரேடியாலஜி சங்கத்தார் அதை மறுத்ததும் மதினியைப் பயமுறுத்தியிருக்கும். பழைய முறையில் முழு அளவு கதிரில் எடுத்தால் அவர் சொன்ன கணக்கை ஒட்டி வரும், குறைந்த அளவு கதிரில் எடுத்தால் அதில் சொற்பமே. அண்ணாச்சிக்கு இன்னொரு ஸ்கேன் தேவைப்பட்டால் எடுக்கட்டும். அவருடைய இப்போதைய கவலை கதிர்வீச்சு இல்லை. சும்மா ஆவலுக்காக வாரம் ஒன்று எடுப்பதைத்தான் தடுக்க வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் அவருடைய டாக்டரிடம் பேசு. ரிட்டுக்சிமாப் ஓடும்போது பலன் குறைவு என்றாலும் வீட்டிலுள்ள மற்றவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டி, புற்றைத் தேடும் பெட் ஸ்கேனில் புற்று மாதிரி ஒளிரலாம். அண்ணாச்சி போட்டுக்கொண்டால் எந்தக் கை, எந்தத் தேதி என்று குறித்துவைத்து, அடுத்த பெட் ஸ்கேனுக்குப் போகும்போது மறக்காமல் சொல்லச் சொல். எனக்குப் பிப்ரவரியில் ஜான்சன் ஊசி இடது கையில் போட்டார்கள், இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை.

அறிக்கையைப் போட்டோ எடுத்து அனுப்பியதில் பாதி எழுத்து தெரியவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களை டைகாம் என்ற கணினிக் கோப்பாகக் கேட்டு வாங்கி, உன் மகனிடம் கொடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல். பழைய ஸ்கேனும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து எழுதுகிறேன். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கினாலோ, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ என் பதிலுக்காகக் காத்திருக்காதே, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோ.

அன்புடன்,
உன் பாளையங்கோட்டை விடுதி அறைத்தோழன்